சக்கரப் பூட்டு நட்டும் தொலைந்த சாவியும்: புதுச்சேரி வழியாக ஒரு வரலாறு

சக்கரப் பூட்டு நட்டு என்பது, காரின் சக்கரத்தை அச்சுக்குடத்தோடு பிணைக்கும் நட்டுகளில் ஒன்றை, அதற்கென்று செய்த தனிச் சாவி இல்லாமல் கழற்ற முடியாதபடி அமைத்த திருட்டுத் தடுப்புக் கருவியாகும். பட்டறைகளில் இதனை ‘வீல் லாக்’ என்றும் ‘லாக் நட்டு’ என்றும் அழைப்பர். சக்கரத்துக்கு ஒன்று வீதம் ஒரு காரில் நான்கு பூட்டு நட்டுகள் இருக்கும். சாவி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். விரல் நீளமே உள்ள அந்த இரும்புத் துண்டு தொலைந்துவிட்டால், டயர் பஞ்சரானதும் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு புறப்படும் கால் மணி நேர வேலை, ஒரு நாள் வேலையாக மாறிவிடும். கார் உரியவருடையதுதான், சக்கரமும் அவருடையதுதான்; ஆனாலும் அவரால் அதைக் கழற்ற முடியாது.

சக்கரத்தைப் பிணைக்கும் பொருளிடம் மனிதர் தொடக்கத்திலிருந்தே இரண்டு வேலைகளை எதிர்பார்த்தனர். ஓடும்போது அது கழலக் கூடாது. பழுது வந்தால் எளிதில் கழல வேண்டும். உரியவர் கையில் மட்டுமே கழல வேண்டும் என்ற மூன்றாவது எதிர்பார்ப்பு மிகவும் பிற்காலத்தது. முதல் இரண்டின் வரலாற்றைத் தமிழ்நாட்டு மாட்டுவண்டியிலிருந்தே தொடங்கலாம். மூன்றாவதன் கதைக்குப் பிரெஞ்சு மொழி வழங்கிய புதுச்சேரி பொருத்தமான இடம்.

கடையாணியும் சேம அச்சும்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து பிரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்துச் சுற்றும் வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டை என உறுப்புகள் உண்டு. குடத்தின் துளை வழியாக அச்சு வெளியே நீண்டிருக்கும். அந்த நுனியில் ஒரு துளை போட்டு, அதில் செருகுவதே கடையாணி. அதற்கு மரை கிடையாது, திருகு கிடையாது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போகும். கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும். அச்சாணி என்ற சொல்லும் இந்தச் சூழலில் வழங்குகிறது. பெரிய தேரைத் தாங்குவது சிறிய அச்சாணியே என்ற உவமையைத் திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரத்தில் (குறள் 667) காணலாம். உருவத்தைக் கண்டு இகழக் கூடாது என்பதற்கு வள்ளுவர் எடுத்த சான்று அது.

இன்னும் சுவையான செய்தி புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் உள்ளது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனை உப்பு வணிகரின் வண்டியில் கட்டப்பட்ட சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உமணர் பாரம் ஏற்றிய வண்டியோடு பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்ல வேண்டியவர்கள். வழியில் என்ன நேருமோ என்று, வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டார்கள். இன்று காரின் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியின் கருத்து இதுவே. புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து செல்வோர் இப்பாட்டை நினைத்துக்கொள்ளலாம். உப்பு வண்டி ஓடிய கடற்கரை இது.

கடையாணியைப் பிடுங்குவதற்குச் சாவி வேண்டாம். கெட்ட எண்ணம் இருந்தால் போதும். ஆனால் மாட்டுவண்டிச் சக்கரத்தைத் திருடிக்கொண்டு போவது எளிதான செயலல்ல. அதன் எடையும், ஒவ்வொரு சக்கரமும் அந்தந்த ஊர்த் தச்சர் கைவேலை என்பதால் எளிதில் அடையாளம் தெரிந்துவிடுவதும் தாமாகவே ஒரு பூட்டாக இருந்தன. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் சக்கரம் வந்த பிறகுதான் திருடியதை வேறொரு வண்டியில் மாட்டுவது இயலும் காரியமாயிற்று.

தேர்களிலும் அச்சும் கடையாணியுமே அடிப்படை. புதுச்சேரிப் பகுதியில் இதற்குப் புகழ்பெற்றது வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த வழக்கம் இங்கு உண்டு; இன்றும் துணைநிலை ஆளுநர் கலந்துகொண்டு வடம் பிடிக்கிறார். தமிழ்நாட்டின் பெருந்தேர்கள் பலவற்றுக்கு மரச் சக்கரத்துக்குப் பதிலாகத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்துள்ளது.

புஷ் புஷ் வண்டியின் ஊர்

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் பல்லக்குக்குப் பிறகு பெருமளவு வழங்கிய ஊர்தி ‘புஸ் புஸ்’. ஊரார் அதைப் புஷ் வண்டி, புஷ் புஷ் வண்டி என்றனர். ரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுப்பார். இதையோ பின்னால் நின்று தள்ளுவார். ஏறி அமர்ந்திருப்பவர் கையில் ஒரு கைப்பிடி இருக்கும். வண்டியைத் திருப்புவது அவர் பொறுப்பு. தள்ளுகிறவருக்கு வழி தெரியாது, திருப்புகிறவருக்குக் களைப்பு தெரியாது. அக்காலத்து ஆட்சி முறைக்கும் இது பொருந்தும் என்று யாரேனும் சொன்னால் மறுப்பது கடினம்.

1879 டிசம்பரில் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது. புதுச்சேரி நகரத் தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும் சதுரக் கட்டங்களாக அமைந்தவை. ஆனால் நகரை விட்டு வெளியேறினால் நிலைமை வேறு. பிரெஞ்சுப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் இந்திய ஊர்களுக்கு நடுவே பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. பாகூருக்கோ மண்ணாடிப்பட்டுக்கோ செல்லும் வண்டி எல்லையைக் கடந்து மீண்டும் உள்ளே வர வேண்டியிருந்தது. 1954-இல் விடுதலைப் போராட்டம் முற்றியபோது இந்திய அரசு இந்த எல்லைகளில் கெடுபிடியை இறுக்கியது; எரிபொருள் உள்ளிட்ட பொருட்கள் வருவது கடினமாயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 உறுப்பினர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் நடைமுறை ஆட்சி மாற்றமும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான மாற்றமும் நிகழ்ந்தன.

எட்டு நட்டுகள் வென்ற பந்தயம்

தொடக்க காலக் காரில் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றும் வழக்கம் இல்லை. சக்கரம் வண்டியிலேயே இருக்க, டயரை மட்டும் கம்பியால் நெம்பிப் பிரித்து, டியூபை ஒட்டி, மீண்டும் திணித்துக் கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் இதைச் செய்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும்.

மாற்றம் பிரான்சில் தொடங்கியது. 1906 ஜூன் 26, 27 நாட்களில் லெ மான் நகருக்கு அருகே பிரான்சின் முதல் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. கடும் வெயிலில் சாலைத் தார் உருகியது. டயர்கள் அடிக்கடி பழுதாயின. ஓட்டுநரும் உடன் செல்லும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்பது விதி. ரெனோ நிறுவனத்தின் காரை ஓட்டிய ஃபெரென்ஸ் சிஸ், மிஷ்லான் நிறுவனம் செய்த கழற்றி மாட்டும் வளையத்தைப் பின்சக்கரங்களில் பயன்படுத்தினார். எட்டு நட்டுகளைக் கழற்றி, காற்று நிரம்பிய டயரோடு தயாராக இருக்கும் வேறொரு வளையத்தை மாட்டிவிட்டு ஒருசில நிமிடங்களில் அவர் புறப்பட்டார். மற்றவர்கள் டயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அரை மணி நேரத்துக்கும் மேலான வேறுபாட்டில் வென்றார். வென்றது காரின் வேகமா நட்டா என்று கேட்டால், நட்டுக்கும் பாதிப் பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் ரட்ஜ் விட்வொர்த் நிறுவனம் நடுவில் ஒரே பெரிய நட்டு உள்ள கம்பிச் சக்கரத்தைக் கொண்டுவந்தது. காது போன்ற இரண்டு முனைகள் அதில் நீண்டிருக்கும். சுத்தியலால் அடித்தே கழற்றலாம். விளையாட்டுக் கார்களில் நெடுங்காலம் இது பெருமைக்குரிய பொருளாக இருந்தது. சுத்தியல் உள்ள எவரும் சக்கரத்தைக் கொண்டுபோய்விடலாம் என்பது அதன் குறை.

ஸ்டெப்னி என்ற சொல்

தமிழ்நாட்டில் மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்று பெயர். படித்தவரும் படிக்காதவரும் வழங்கும் இச்சொல் ஆங்கில அகராதியில் பொதுச் சொல்லாக இன்று வழக்கில் இல்லை. இங்கிலாந்துக்காரரிடம் கேட்டால் பலருக்கு விளங்காது. இது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் 1904-இல் ஆரக்கால் இல்லாத, காற்றடித்த டயர் மாட்டிய ஒரு வளையத்தைச் செய்தார். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலேயே அதன் பக்கத்தில் இதைப் பிடிப்பான்களால் இறுக்கிவிட்டு ஓட்டலாம். அந்தக் கருவி மறைந்துபோய், உண்மையான மாற்றுச் சக்கரம் வந்த பிறகும், பெயர் மட்டும் இந்தியாவில் தங்கிவிட்டது.

ஸ்டெப்னி வந்த பிறகு நட்டைக் கழற்றுவது பட்டறைக்காரரின் வேலை மட்டுமல்ல, கார் வைத்திருப்பவர் அனைவரின் வேலையும் ஆயிற்று. காரோடு ஜாக்கியும் வீல் பானாவும் கொடுக்கும் வழக்கம் அதனால் வந்தது. லாரிக்காரர்கள் ஸ்டெப்னியைச் சங்கிலியால் கட்டி ஒரு பூட்டும் போட்டுவைத்தார்கள். மாட்டிய சக்கரத்தைவிட மாட்டாத சக்கரமே முதலில் பூட்டைப் பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

புரியும் அளவும்

நட்டின் உள்ளே சுற்றிச் செல்லும் வரிகளை மரை என்றும் புரி என்றும் சொல்வர். மூளை சரியில்லாதவரை ‘மரை கழன்றவர்’ என்று பேச்சு வழக்கில் கேலி செய்வதுண்டு. இந்த மரைக்கு ஒரு பொது அளவை 1841-இல் ஜோசப் விட்வொர்த் பிரிட்டனில் முன்வைத்தார். அதன் பற்களின் கோணம் 55 பாகை, அளவு அங்குலத்தில். பிரான்சில் மில்லிமீட்டர் அளவில், 60 பாகைக் கோணத்தில் வேறொரு முறை வளர்ந்தது. 1898-இல் சூரிச் நகரில் கூடிய மாநாடு பிரெஞ்சு முறையைத் தழுவி ஒரு பன்னாட்டு மரை அளவை ஏற்றது.

இதனால் பிரிட்டிஷ் காருக்கு ஒரு பானாத் தொகுதியும் பிரெஞ்சுக் காருக்கு வேறொரு தொகுதியும் தேவைப்பட்டன. ஏறத்தாழ ஒரே பருமனுள்ள அங்குல நட்டை மில்லிமீட்டர் போல்ட்டில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கிக்கொள்ளும், வலுவாகத் திருகினால் மரை அழிந்துவிடும். எண்ணிக்கையும் வேறு. சிட்ரோவன் 2சிவி, ரெனோ 4 ஆகிய எளிய பிரெஞ்சுக் கார்களில் ஒரு சக்கரத்துக்கு மூன்று நட்டுகளே உண்டு.

இன்றும் இவ்வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஜப்பானிய, கொரியக் கார்களில் குடத்திலிருந்து நீண்டிருக்கும் தண்டின்மேல் நட்டைத் திருகுவர்; ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் தண்டு இராது, போல்ட்டையே குடத்துக்குள் திருகுவர். மாருதி சுசுகி கார்களில் 12 மில்லிமீட்டர் தண்டும் 1.25 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் வழக்கம். ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா கார்கள் பலவற்றில் அதே தண்டுக்கு 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணுக்கு ஒரே நட்டு போலத் தெரியும். தொலைந்த நட்டுக்கு மாற்று வாங்குவோர் இந்தக் கால் மில்லிமீட்டரில்தான் ஏமாறுகிறார்கள்.

பழைய பிரிட்டிஷ் வடிவ லாரிகளிலும் சில அமெரிக்கக் கார்களிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி நட்டுகள் இருந்தன. சக்கரம் சுழலும் திசையால் நட்டு தானாகத் தளரக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இது தெரியாத ஆள் வழக்கமான திசையில் பலங்கொண்டமட்டும் திருகினால் நட்டு மேலும் இறுகும். இறுதியில் தண்டே முறியும். நட்டின் அடிப்பகுதியைக் கூம்பு வடிவில் செய்து, அதே வடிவக் குழியில் அமரவைக்கும் முறை பரவிய பின் கார்களில் இடப்புரியின் தேவை குறைந்தது.

சாவியும் பானாவும் ஒரே சொல்

தமிழில் பழைய சொல் திறவுகோல். சாவி என்பது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் ‘ஷாவெ’. ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவையும் அவ்வழியே வந்தவை. ஷாவெ என்ற சொல்லின் மூலம் லத்தீனின் ‘கிளாவிஸ்’. பிரெஞ்சு மொழியில் சாவியைக் குறிக்கும் ‘க்ளே’ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ஆகவே புதுச்சேரியில் தமிழர் சொன்ன சாவியும் பிரெஞ்சுக்காரர் சொன்ன க்ளேயும் தூரத்து உறவினர்கள்.

அதைவிடப் பொருத்தமான செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சில் க்ளே என்றால் கதவுச் சாவி மட்டுமல்ல, பானாவும் அதுவே. போர்ச்சுகீசியத்திலும் அப்படியே, வீல் பானாவுக்கு அவர்கள் சொல் ‘சக்கரச் சாவி’ என்றே பொருள்படும். தமிழில் பூட்டைத் திறப்பது சாவி, நட்டைத் திருகுவது பானா என்று இரண்டும் தனித்தனி. சக்கரப் பூட்டு நட்டின் சாவியோ ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கிறது. அதன் ஒரு முனை நட்டின் தலையிலுள்ள இரகசிய வடிவத்தில் பொருந்தும். மறுமுனை ஆறு பட்டையாக இருந்து வீல் பானாவுக்குள் போகும். தமிழில் இதற்கு இன்னும் நிலையான பெயர் அமையாததற்கு இந்த இரட்டைத் தன்மையும் ஒரு காரணமாகலாம்.

பூட்டு வந்த கதை

பூட்டுத் தொழிலில் தமிழ்நாட்டின் பெயர் திண்டுக்கல். அங்குக் கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டு முதலியவை நெடுங்காலமாகப் புகழ்பெற்றவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதே கைவேலைப் பூட்டின் பெருமை.

ஆலையில் செய்யும் சக்கரப் பூட்டு நட்டால் இந்தப் பெருமையைக் கோர முடியாது. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய மெக்கார்ட் நிறுவனம் இத்துறையில் நன்கு அறியப்பட்டது. விலை கூடிய அலாய் சக்கரங்கள் பரவப் பரவ, அவற்றைத் திருடிச் செங்கல்மேல் காரை நிறுத்திவிட்டுப் போகும் வழக்கமும் பரவியது; பூட்டு நட்டின் தேவையும் கூடியது. நட்டின் தலையை உருண்டையாகச் செய்து, அதில் வளைந்து நெளிந்து செல்லும் பள்ளம் ஒன்றை வெட்டுவர். சாவியில் அதே வளைவுக்கு மேடு இருக்கும். சில வகைகளில் நட்டைச் சுற்றி ஒரு தளர்ந்த வளையமும் இருக்கும். வெளியிலிருந்து பிடித்துத் திருகினால் வளையம் மட்டும் சுற்றும், நட்டு அசையாது.

ஆயினும் ஒரு நிறுவனம் வெளியிடும் வளைவுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பட்டறைகளுக்கென்று எல்லா வடிவங்களும் அடங்கிய சாவித் தொகுதியை நிறுவனங்களே தருகின்றன. உண்மையில் இது நேரத்தைக் கூட்டும் தடை, அதற்குமேல் ஒன்றுமில்லை. பூட்டை உடைத்துக் கழற்றும் கருவிகள் கடைகளில் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. அனுபவமுள்ள திருடருக்குச் சில நிமிடங்கள் போதும். சாவியைத் தொலைத்த உரிமையாளருக்குத்தான் அதிகத் தொல்லை. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது, உடைக்க முடியாதது என்று பெயர் பெற்ற பிராமா பூட்டை ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் முயன்று திறந்து காட்டினார். அதன் பிறகும் பூட்டு விற்பனை நிற்கவில்லை.

புதுச்சேரியில் இந்த நட்டுகள் கண்ணில் படுவதற்கு இரண்டு சூழல்கள் உண்டு. ஒன்று, பழைய பிரெஞ்சு நகரப் பகுதியில் பல வீடுகளுக்குக் கார் நிறுத்த இடமில்லை. இரவில் தெருவோரமே கொட்டகை. மற்றொன்று, பி.ஒய். 01 எண் பலகை. இங்குச் சாலை வரி குறைவு என்பதால் வெளிமாநிலத்தார் சிலர் புதுச்சேரி முகவரி காட்டி விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களைப் பதிவு செய்தனர். 2017-இல் கேரளத்தில் இது வழக்குகளாக வெடித்தது. புதுச்சேரி எண்ணைத் தாங்கி, புதுச்சேரித் தெருவையே பார்க்காத கார்கள் அவை.

சாவி தொலைந்தால்

பெரும்பாலான சாவிகள் உண்மையில் தொலைவதில்லை. இடம் மாறிக் கிடக்கின்றன. ஸ்டெப்னிக்கு நடுவேயுள்ள தெர்மாகோல் தட்டு, டிக்கி விரிப்பின் அடிப்பகுதி, ஜாக்கிப் பை, டேஷ்போர்டு அறை, முன் இருக்கையின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து நினைவுகூர வேண்டியது, கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றிய இடம். பஞ்சர் கடையிலோ சர்வீஸ் நிலையத்திலோ வேலை முடிந்ததும் சாவி பானாவின் வாயிலேயே மாட்டிக்கொண்டு தங்கிவிடுவது வாடிக்கை. பழைய கார் வாங்குவோர் ஆவணங்களைப் பார்ப்பதோடு இந்தச் சாவியையும் கேட்டு வாங்கி, நான்கு நட்டிலும் பொருத்திப் பார்ப்பது நல்லது. விற்றவருக்கே அப்படியொன்று இருப்பது தெரியாமலிருக்கலாம்.

சாவியின்மேல் ஓர் எண்ணோ எழுத்துக் குறியோ பொறிக்கப்பட்டிருக்கும்; சில நிறுவனங்கள் அதை ஓர் அட்டையிலும் அச்சிட்டுத் தருகின்றன. அந்தக் குறி தெரிந்தால் விற்பனையாளர் வழியாக மாற்றுச் சாவி வரவழைக்கலாம். சாவி கையில் இருக்கும்போதே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதற்கு ஒரு காசும் செலவில்லை. குறி தெரியாவிட்டால், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலுள்ள சாவித் தொகுதியில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார்கள். டயரில் காற்று இருந்து கார் ஓடும் நிலையில் உள்ளபோதே இதைச் செய்துவிட வேண்டும். பஞ்சரான பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று யோசிப்பதில் பயனில்லை.

இவை எதுவும் கைகூடாதபோதே கழற்றும் வேலை. பட்டறைக்காரர்கள் முதலில் கையாளும் முறை, நட்டின் தலையைவிடச் சற்றே சிறிய பன்னிரு பட்டைச் சாக்கெட்டை அதன்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து இறக்குவது. சாக்கெட்டின் பற்கள் நட்டின் உலோகத்தைக் கடித்துக்கொள்ளும். பிறகு நீண்ட கம்பியால் மெல்லத் திருகுவர். கார் தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். ஜாக்கியில் தூக்கிய காரில் இவ்வளவு பலம் கொடுத்தால் கார் சரியும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், இரும்புத் தூள் தெறிக்கும். உட்புறத்தில் இடஞ்சுழியாகச் சரிந்த பற்கள் உள்ள சிறப்புச் சாக்கெட்டும் உண்டு. நட்டைத் தளர்த்தும் திசையில் திருகத் திருக அது மேலும் இறுக்கிப் பிடிக்கும். தளர்ந்த வளையம் உள்ள வகையாக இருந்தால், அந்த வளையத்தை முதலில் உளியால் வெட்டி நீக்காமல் வேலை நடக்காது.

பூட்டு நட்டின் தலையில் வேறொரு நட்டை வெல்டு வைத்துத் திருகுவது சிலரின் வழக்கம். நட்டு கழலும் என்பது உண்மை. ஆனால் அந்த வெப்பம் அலாய் சக்கரத்தையும் அருகிலுள்ள ரப்பர் உறுப்புகளையும் கெடுக்கும். வெல்டிங் மின்சாரம் காரின் மின்னணுக் கருவிகளையும் பாதிக்கக்கூடும். துளைபோட்டு எடுப்பது கடைசி வழி. கடினப்படுத்திய உருக்கு என்பதால் சாதாரணத் துளைக் கம்பி மழுங்கிவிடும். பொறுமையுள்ள லேத் பட்டறைக்காரர்தான் அதற்கு ஏற்றவர்.

ஒரு நட்டு இப்படிக் கழன்றுவிட்டால் மற்ற மூன்றையும் அன்றே கழற்றி, அதே அளவுள்ள சாதாரண நட்டோ புதிய பூட்டுத் தொகுதியோ மாட்டிவிடுவது முறை. கூம்பு அடிக்குப் பதில் உருண்டை அடியுள்ள நட்டை மாட்டினால் இறுகியது போலத் தோன்றி ஓட்டத்தில் தளரும். சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இறுக்கம் 85 முதல் 125 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். சரியான எண் அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சாவி தொலைவதற்கு அடுத்து, சாவி உடைவதும் வழக்கமான சிக்கல். காற்றழுத்தத் துப்பாக்கியால் பூட்டு நட்டை முடுக்கினால் சாவியிலுள்ள மெல்லிய மேடு நொறுங்கிவிடும். பூட்டு நட்டைக் கையால்தான் திருக வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. வரிசையில் பத்துக் கார் காத்திருக்கும் பட்டறையில் இதைச் சொல்லிக் கேட்க வைப்பது உரிமையாளரின் திறமை.

உப்புக் காற்று

கடற்கரை ஊரில் நட்டுக்கு இன்னொரு எதிரி துரு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நகரின் பல பகுதிகளில் கார்கள் நீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற சக்கரத்தின் நட்டு துருவேறி இறுகிவிடும். பூட்டு நட்டின் பள்ளத்தில் சேறு படிந்து காய்ந்தால் சாவி முழு ஆழத்துக்கு இறங்காது. பாதி இறங்கிய சாவியைத் திருகுவதே அது உடைவதற்குக் காரணம். பள்ளத்தை ஊசியால் சுரண்டி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்றாயிற்று. உமணர் வண்டியின் சேம அச்சிலிருந்து வந்த வழக்கம் இப்படிச் சட்டத்தில் தளர்ந்தது. ஆணி குத்திய டயரை அந்தப் பெட்டியைக் கொண்டே அடைத்துவிடலாம். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது உதவாது, சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ஸ்டெப்னிக்கு நடுவே சாவியை வைக்கும் பழைய இடமும் இக்கார்களில் இல்லை. பஞ்சர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு உறையில் அது கிடக்கிறது.